தொண்ணூற்றொன்பது என்று எழுதப்பட்ட பெண்கள்

மூடுபனியையும் மழைத்தூறலையும் தாண்டி வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் மங்கையர் பெருங்கூட்டமே! தலைமை ஏற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி மீனம்மா அவர்களே! மருந்தோடும் மனத்தோடும் வந்திருக்கும் டொக்டர் ஐயா அவர்களே! பெரியோர்களே, கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வாசலில் நிற்கும் வாலிபர்களே! கந்தப்பனின் கைகூப்பிய வணக்கம்.

நாளைக் காலை நம் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு. எந்த மேடையிலும் நடுங்காதவன் நான் என்பீர்கள். இன்று நடுங்குகிறேன். ஏன்? இரண்டாயிரத்து ஒன்றில் நடந்ததைக் கண்ணால் கண்டவன் நான்!

அன்று நான் கணக்கெடுப்பு அலுவலக வேனின் சாரதி. இருநூற்று நாற்பது பெண்களைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு அழைத்து, இரத்தச் சத்தை அளந்தார்கள். விபரங்களைக் கணினியில் ஏற்றியவர் ஷாமிலா. தலவாக்கலையில் பிறந்து பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்தவர். அவருக்கு மேலதிகாரி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த துரைராசா ஐயா.

நடமாடும் மருத்துவ வண்டி எந்தத் தோட்டத்துக்கு என்று முடிவு செய்யும் கூட்டம் ஒரு நாள் நண்பகலில். அன்று காலையில் மென்பொருள் நம் பெண்களின் சராசரியைக் காட்டியது: பதினான்கு! ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு இருந்தாலே போதும். நமக்கோ பதினான்காம்!

"நல்ல செய்திதானே பிள்ளை?" என்றார் துரைராசா ஐயா.

"இல்லைங்க சார். மலையில நான் பாத்த மொகமெல்லாம் வெளிறிப் போயிருந்துச்சு. எனக்குப் பயமா இருக்குங்க."

பயம் பொய்யா? பதினான்கு என்ற தாள் கூட்டத்துக்குப் போனால், வண்டி வேறு தோட்டத்துக்குப் போய்விடும் அல்லவா? ஷாமிலா சராசரிக்குப் பக்கத்து எண்களைப் பார்த்தார். அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் நியம விலகல், சராசரியையே மிஞ்சி நின்றது! ஆகக் கூடிய அளவு எவ்வளவு தெரியுமா? தொண்ணூற்றொன்பது! மனித உடம்பில் ஓடுமா அப்படி ஓர் இரத்தம்?

சிரிக்கிறீர்கள் தாயே. அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஐயோ, அது இரத்தம் குடுக்க வராத ஆக்களுக்குப் போட்ட குறியெல்லே! அதையும் சேர்த்துக் கூட்டிப்போட்டுதே?" என்று தலையில் கை வைத்தார் துரைராசா ஐயா.

"ஆமாங்க சார். அது வெறும் குறி, அளவு இல்லைன்னு நாமதானே மெஷினுக்குச் சொல்லணும். சொல்லாம விட்டுட்டோம்."

சொன்னார். கணினி மறுபடி கணக்கிட்டது. பதினான்கு சரிந்து ஒன்பது தசம் ஆறு ஆனது. பொய் போனது, மெய் வந்தது: போதுமான பன்னிரண்டைக்கூட நாம் எட்டவில்லை!

"கெதியா அச்செடும் பிள்ளை, கூட்டத்துக்கு நேரமாகுது."

ஷாமிலா அச்செடுத்தார். ஆனால் எழவில்லை. "சார், குறி போட்ட அந்தப் பன்னிரண்டு பேரும் ஏன் வரல? மெஷின் அவங்கள விட்டுட்டுக் கணக்குப் போட்டுருச்சு. நாமளும் விட்டுட்டுப் போலாங்களா?"

 ஐயா அச்செடுத்த தாளைக் கையில் எடுத்தார். "கூட்டத்தை நான் பாக்கிறன். நீர் கந்தப்பனோடை வெளிக்கிடும்."

பறந்தோம். முதல் லயத்து வீட்டு வரிசையில் கதவைத் திறந்தவர் ராக்காயி. ஏன் வரவில்லை என்று கேட்டோம். "எந்திரிச்சாலே கண்ணு இருட்டுதுங்க. பெரட்டுக் களத்துக்கு எப்பிடிங்க ஏறி வர்றது?" என்றவர், "என்னைய விடுங்க, அடுத்த காம்பராவுல பேச்சியம்மாவப் பாருங்க" என்றார்.

பாயில் கிடந்தார் பேச்சியம்மா. நிறைமாதக் கர்ப்பிணி. உதட்டில் நிறமில்லை; மூச்சில் நிதானமில்லை. கம்பளியில் சுற்றித் தூக்கி வேனில் ஏற்றினோம். நுவரெலியாவுக்கு எத்தனை வளைவு! "தூங்காதீங்கக்கா, பேசிக்கிட்டே வாங்க" என்று ஷாமிலா கெஞ்சியபடி வந்தார். பின்னால் பேச்சு நின்றுவிட்டதோ, நின்றுவிட்டதோ என்று ஒவ்வொரு வளைவிலும் என் உயிர் நின்று நின்று துடித்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

அதோ, அவர் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். "சொல்லுங்கண்ணே, எல்லாரும் கேக்கட்டும்" என்று அவர் சொன்ன பிறகே சொல்கிறேன். ஒன்பது தசம் ஆறைக் காட்டி ஐயா வாதாடியதால் மருத்துவ வண்டியும் நமக்கு வந்தது. ஆனால் ஒரு தொட்டில் வெறுமையானதே!

தாய்மார்களே, வராத பெண் வலுவான பெண்ணா? வராத பெண் வேலையில்லாத பெண்ணா? இல்லை! வர முடியாததால் வராதவர்! வந்தவரை மட்டும் அளந்துவிட்டு, வாடிக் கிடப்பவரை விட்டுவிட்டால் அது என்ன கணக்கு? யாருடைய கணக்கு?

என்னம்மா? ஆம், டொக்டர் ஐயா லயத்துக்கே வருவார். இரத்தம் வீட்டிலேயே எடுப்பார். சம்மதம் வாங்கிவிட்டேன். ஆனால் யார் வீட்டுக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுந்து நடக்க முடியாதவர் யார்? நான் இறங்குவதற்கு முன் சொல்லுங்கள்.

கடைசி வரிசையில் ஒரு கை! சொல்லுங்கள் தாயே. மேல் லயமா? மகளா? இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையா?

டொக்டர் ஐயா, நாளை வரை வேண்டாம். டோர்ச்சை எடுங்கள். இதுவரை பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். வழிவிடுங்கள், நாங்கள் புறப்படுகிறோம்.