அவள் ஜாடியில் கரைந்த திருகாணி

எல்லாரும் என்னைக் குப்பியம்மா என்று கூப்பிடுவார்கள். வயது அறுபத்தெட்டு. இஸ்திரிக் கடைக்கு மேலே, படி உடைந்த மாடி வீட்டில் மகன் குடும்பத்தோடு குடியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறேன். முன்பு இதே காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றி இதைச் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில், எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைக்கும் மக்னீசியத் திருகாணிகளைச் சோதிக்கிறார்கள். எலும்பு கூடும்வரை அது நிற்க வேண்டும், அதன்பின் தானே கரைய வேண்டும். என் பேத்தியும் என் ஓரகத்தியின் பேத்தியும் அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறார்கள். முறைக்கு அக்கா தங்கை, ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அப்போது ஓரகத்தி என் பேத்தியின் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "மூக்கு பாட்டி மூக்காவே போயிடுச்சே, பாவம்" என்றாள். அவள் கட்டியிருந்த சேலையின் கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. வழக்குக்கு இது தேவையில்லை என்று நீங்கள் சொன்னாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

இருவரும் தனித்தனியாக உலோகம் கலந்து திருகாணி செய்தார்கள். நன்றாக நிற்பதுதான் மருத்துவமனைக்குப் போகும் என்று கூடத்தின் தலைமை அம்மா சொன்னார். அதன்பின் ஆளுக்கொரு ஜாடியில், அவரவர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டார்கள். என் பேத்தியுடையது போட்டது போட்டபடி நின்றது. மற்றவளுடையது குமிழ் விட்டு, மரை மழுங்கி, எறும்பு தின்ற கற்கண்டு போல் ஆனது. அன்று நான் பாடிக்கொண்டே குப்பி கழுவினேன். அதைக் கேட்டதாகச் சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

அதன்பின் அந்தப் பெண், யாரோ தன் ஜாடியில் அமிலம் ஊற்றியதாக இங்கே புகார் கொடுத்தாள். ஓரகத்தி கூடத்து வாசலில் நின்று, "வேற யாரு? வயித்தெரிச்சல் புடிச்சவ ஒருத்திதானே இங்க குப்பி கழுவுறா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

அன்று மாலை வீட்டில் என் பேத்தி, "யாரும் எதுவும் ஊத்தல பாட்டி. மக்னீசியம் கரையக் கரைய தண்ணி சோப்புத் தண்ணியாட்டம் காரமாகும். என்னுது வெறும் உப்புத் தண்ணி. காரம் ஏறி, திருகாணி மேல வெள்ளையா படலம் கட்டிக் காப்பாத்துது. அவ தண்ணியில பஃபர் இருக்கு. அது காரத்தை ஏறவே விடாது, படலமும் கட்டாது. அதான் அம்மணமா நின்னு கரையுது" என்றாள்.

"அப்ப உன்னுதுதானே ஒசத்தி?" என்று கேட்டேன்.

"ரெண்டு தண்ணியுமே உடம்பு மாதிரி இல்ல. இந்தச் சோதனையே செல்லாது. தலைமை அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்."

சொன்னால் இருவரும் சமம் என்றாகிவிடும். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. அமிலம் ஊற்றியதாகவே இருந்தால் கெட்டது அந்த ஒரு ஜாடிதான் என்றாகும், என் பேத்தி ஜெயித்தது ஜெயித்ததாகவே நிற்கும். ஆகவே மறுநாள் அவள் எழுவதற்கு முன்பே இங்கே வந்து, நான்தான் ஊற்றினேன் என்று சொன்னேன். எந்த அமிலம் என்று கேட்டீர்கள். கழிவறை கழுவுவது என்றேன். அது நானாக இட்டுக்கட்டியது.

அதன்பின் என் பேத்தி உங்கள் முன்னிலையில் புதிதாகப் பஃபர் கலந்து, தன் திருகாணியை அதில் போட்டாள். மற்றவளின் புதுத் திருகாணி ஒன்றை உப்புத் தண்ணீரில் போட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொண்டீர்கள். திறந்தபோது என் பேத்தியுடையது கரைந்திருந்தது, மற்றது நின்றது. ஓரகத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்தேன்.

"எனக்காக நீ கம்பி எண்ணப் போறியா? கிறுக்கா உனக்கு?" என்று பேத்தி எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று நீங்கள் கேட்பதற்கும் பதில் அதுதான். நான் உள்ளே போனாலும், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சமமாக இவள் இறங்கக் கூடாது என்று நினைத்தேன்.

ரத்தத்தில் உள்ளதுபோல் சோடா வாயு விட்ட மூன்றாவது தண்ணீரில் பெண்கள் இருவரும் சேர்ந்து சோதிக்கப் போகிறார்களாம். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் மாறி மாறித் தண்ணீர் குடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாடியில் நான் எதையும் ஊற்றவில்லை. முன்பு சொன்னது பொய், இது மெய். படித்துக் காட்டக் கேட்டேன். மூக்கைப் பற்றிய வரி விடுபடாமல் இருக்கிறது. ஆகவே சம்மதித்து, எனக்குத் தெரிந்த எழுத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) குப்பியம்மா