தம்பியின் நாடி

கிரேன் ஏறுகிறவன் காலையில் அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது. மேலே போய்விட்டால் ஒன்றுக்கு வந்தாலும் சட்டென்று இறங்க முடியாது. இருநூறு அடி ஏணி. அதனால் தம்பிக்கு எப்போதும் அரை டம்ளர் டீதான் கொடுப்பேன் ஐயா.

இருபத்தாறு வருஷம் அந்தக் கிரேன் கூண்டில் உட்கார்ந்தவன் நான். முழங்கால் தேய்ந்ததும் மேஸ்திரி என்னைக் கீழே கொடி காட்டச் சொல்லிவிட்டு, தம்பியை மேலே ஏற்றினார். அதில் எனக்கு வருத்தமில்லை. காற்றை நினைத்துத்தான் பயந்தேன். அவன் அவசரக்காரன். காற்று திரும்பும்போது சுமையைப் பிடித்து நிறுத்தும் பொறுமை அவனுக்குக் கிடையாது. அம்மா சாகும்போது அவனை என் கையில்தான் பிடித்துக் கொடுத்தாள்.

ஏறுமுன் தினமும் வாசலில் நர்ஸம்மா நாடி பார்ப்பார். மெதுவாக இருந்தால் ஏற விடமாட்டார். அவர் ஜன்னலில் ஓர் அழகுச் செடி. கோலிக்குண்டு அளவில் சிவப்பாகக் காய்க்கும், சின்னத் தக்காளி மாதிரி. ஒருநாள் ஒன்றைப் பறித்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"வாயில வச்சிடாதீங்க. இதயத்தையே மெதுவாக்கிடும்."

நான் வாயில் வைக்கவில்லை.

அடுத்த வாரம் தம்பியை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"என்னப்பா, உன் இதயம் இன்னும் எந்திரிக்கலையா?" என்றார் நர்ஸம்மா.

"வீட்டுல அவ போடுற சத்தத்துல நானே எந்திரிச்சிட்டேன். இதுக்கு மட்டும் காது கேக்கல போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு ஆள் இல்லாததால் அன்று நான் ஏறினேன். முழங்கால் வலிக்கவே இல்லை.

அப்படி ஒன்பது தடவை. வாந்தி எடுப்பான், தலை சுற்றுகிறது என்பான், மறுநாள் தெளிந்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிட்டவன் நான்தான். "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன மாமா ஆவோம்?" என்பாள் அவன் மனைவி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தால் மேஸ்திரி அவனை ஒரேயடியாக இறக்கிவிடுவார் என்றேன். அது பொய்யில்லை.

அந்தக் காயின் விஷத்துக்குச் சோலனோகேப்சின் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறதாம். அந்தப் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த ஒன்பதுக்குப் பிறகு ஒருநாள் டீயில் கலந்து கொடுத்தும் நாடி சரியாக இருந்து ஏறிவிட்டான். அதனால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டினேன்.

வாசலில் நிறுத்தினார்கள். அவனை அழைத்துப்போக அவளை வரச் சொன்னார்கள். நான் ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கீழே கூட்டம் கூடியது. வாக்கி-டாக்கியில் அவள் குரல்.

"மாமா, இவர் கண்ணத் திறக்க மாட்டேங்கறார். காலையில என்ன சாப்பிட்டார்னு நர்ஸம்மா கேக்கறாங்க. தெரிஞ்சா மாத்து மருந்து குடுக்கலாமாம். நீங்கதானே மாமா குடுத்தீங்க?"

"டீ மட்டும்தாம்மா" என்றேன்.

"இறங்கி வாங்க மாமா."

கொக்கியில் இரும்புக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சுமையைத் தொங்கவிட்டு இறங்கக் கூடாது, அது விதி. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆடாமல் அசையாமல் இறக்கி வைத்தேன். அன்று ஓர் இலைகூட அசையவில்லை ஐயா. ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டும்வரை மேலேயிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, அடுத்த இரும்புக் கட்டை மாட்டச் சொன்னேன்.