காப்பு அவிழாத ஊர்

ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். அது உங்கள் பழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். பிராந்திக் கடை ராஜேஷ் என்மேல் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். கொடுக்கட்டும். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. முதலிலிருந்து கேளுங்கள். பாதியிலிருந்து கேட்டால் நான் கெட்டவன் மாதிரித் தெரியும்.

பெயர் நவநீதன். பாகூர் கடைத்தெருவில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். குடி இல்லை, வெற்றிலை இல்லை, சீட்டு இல்லை. மனைவி ஜெயமணி. ஒரே மகள் ப்ரீத்தி. அவளுக்கும் கரியமாணிக்கம் ஊர் அன்புராஜுக்கும் வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தோம். நல்ல பையன்தான். டீயைச் சத்தமாக உறிஞ்சிக் குடிப்பான், அதை யாரும் இதுவரை அவனுக்குச் சொல்லவில்லை.

சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். மஞ்சள் கயிறு கைக்கு ஏறிவிட்டால் ஊரில் கறி இல்லை, குடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. கல்யாணம் காட்சி வைக்கக் கூடாது. வெளியூரில் ராத் தங்கக் கூடாது. தீமிதி முடிந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை அம்மனிடம் பூக் கேட்போம். ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. ஒரு சின்னக் குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், காப்பை அறுக்கலாம். சிவப்பு வந்தால் அடுத்த வெள்ளி மறுபடி கேட்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அம்மன் சொல்லாத வார்த்தையை மனிதன் தெரிந்துகொள்ளலாமா? பூசாரி அதை அப்படியே குளத்தில் போட்டுவிடுவார்.

பொட்டலம் மடிக்கிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு. எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாததால் ஊருக்கு என்மேல் தனி நம்பிக்கை.

காப்புக்கு முந்தின மாதம் புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். வேண்டாத பழக்கங்களை விடுவது எப்படி என்று ஒருவர் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு பேசினார். எந்தப் பழக்கமாக இருந்தாலும் ஒரு மண்டலம் பட்டினி போட்டால் தானாகச் செத்துவிடும் என்றார். எல்லோரும் கண்ணை மூடி, விட வேண்டிய சொந்தப் பழக்கத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று ஊர்க்காரர்களுடையதை நினைத்துக்கொண்டேன்.

காப்புக் கட்டியதும் ஊரே வேறு ஊராகிவிட்டது, ஐயா. என் மைத்துனன் கனகராஜ் சாயங்காலமானால் வாய்க்கால் மதகில் கிடப்பவன். அவன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு என் கடைக்கு வந்து, ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்தான். தர்மகர்த்தா அரிகரனுக்குக் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. தன் கரும்பில் மாட்டை மேயவிட்டவனைப் பிடித்து நிறுத்தி, "நீ... நீ..." என்று நெடுநேரம் திணறிவிட்டு, கடைசியில் "நல்லா இருப்பா" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வருஷம் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

ஆனால் இதெல்லாம் பத்தே நாளில் முடிந்துவிடும். நாற்பத்தெட்டு நாள் மண்டலக் கணக்குக்கு அது எந்த மூலைக்கு?

ஆமாம் ஐயா. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் வைத்தேன். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நந்தியாவட்டையை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வெள்ளி சிவப்பு வந்ததும் ஊர் கொஞ்சம் பயந்தது. அடுத்த வெள்ளி, ஏதோ தெய்வக் குத்தம் என்று கூழ் ஊற்றினார்கள். அதற்கடுத்து அரிகரன் அங்கப்பிரதட்சணம் செய்தார். கோழிக்கடை அருள்தாஸிடம் இருந்த கறிக்கோழிகள் கிழடு தட்டிப்போயின. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவன் ராத் தங்கினால் காப்பு அறுக்கும்வரை வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்வோம் என்று ஊர் எல்லையிலேயே அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு மட்டும் இரக்கம் இல்லையா? வைத்தியம் என்றால் கசக்கத்தான் செய்யும்.

ப்ரீத்தியின் முகூர்த்தம் தள்ளிப்போனதை நீங்கள் பெரிதாகச் சொல்கிறீர்கள். ஒரு முறைதான் தள்ளிப்போனது. இரண்டாவது முறை தள்ளிப்போனபோது அன்புராஜின் அப்பா நேரில் வந்தார். அம்மன் விஷயம், எங்களுக்கும் பயம் இருக்கிறது, ஆனால் ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு மேல் காத்திருக்க முடியாது, ஆடி பிறந்துவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று மரியாதையாகவே சொன்னார். ப்ரீத்தி அன்று சாப்பிடவில்லை. நான் அவளுக்குத் தட்டில் தோசை போட்டு, பொடி தொட்டு ஊட்டிக்கூட விட்டேன். சின்ன வயதில் செய்தது. அவளும் வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் வீடு வெகு நிம்மதியாக இருந்தது.

போன வெள்ளியோடு மண்டலம் முடிந்துவிட்டது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கனகராஜ் திருந்திவிட்டான், அரிகரன் திருந்திவிட்டார், இனி வெள்ளைப் பூ வைத்தால் ஊருக்குக் கல்யாணக் களை வந்துவிடும். அதை நினைத்துக்கொண்டேதான் தோட்டத்துக்குப் போனேன். ஆனால் கை செவ்வரளிச் செடிக்குத்தான் போயிற்று. இன்னும் ஒரே ஒரு வாரம், அடுத்த வாரம் கட்டாயம் வெள்ளை என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

ப்ரீத்தி குளத்துப் படியில் காத்திருந்திருக்கிறாள். பூசாரி பொட்டலத்தை எறிந்துவிட்டுப் போனதும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்திருக்கிறாள். எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வராது. ஈரப் பாவாடையோடு நேராகக் கடைக்கு வந்து, கனகராஜ் பிரித்து வைத்திருந்த ஆணிகளுக்கு நடுவில் அந்தச் செவ்வரளியை வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"இன்னாபா இது?" என்றாள்.

நான் மண்டலத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கனகராஜ் மாமாவைப் பார், எப்படி ஆகிவிட்டான் என்றேன்.

"மாமா திருந்துனது இருக்கட்டும்பா. நான் வூட்ட வுட்டுப் போறது புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பிடிக்காமல் என்ன? நான் ஊருக்காகச் செய்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் சம்பந்தமே இல்லாமல் பேசினாள். பிறகு கோயில் கமிட்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். ஊரே கடைமுன் கூடியது. அரிகரன் காப்பு கையில் இருந்ததால் வாயைத் திறக்க முடியாமல் மூச்சு வாங்கினார். ராஜேஷ் மட்டும் நேராக உங்களிடம் வந்தான். அவனிடம் எனக்கு வருத்தம் இல்லை.

இனி நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எனக்கு உரிமை போய்விட்டது, இன்றைய பொட்டலத்தை எங்கள் குடும்பத்தில் ப்ரீத்தியே மடிக்கட்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. சற்றுமுன் டிபன் கேரியரோடு ஜெயமணி வந்தாளே, அவள்தான் சொன்னாள். வெள்ளை வந்துவிட்டதாம். காப்பு அறுத்தாகிவிட்டது. ஆனி முகூர்த்தம் கிடைத்துவிட்டது, வருகிற வியாழக்கிழமை கல்யாணம். அரிகரன் அரை மணி நேரம் நிறுத்தாமல் என்னைத் திட்டினாராம், கேட்டவர்கள் கைதட்டினார்களாம். கனகராஜை ராஜேஷ் கடையில் பார்த்ததாகச் சொன்னாள். அவனுக்கு ஒரு மண்டலம் போதவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை. போகிற போக்கில் ஜெயமணி சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டே ரெண்டு நந்தியாவட்டதான் பறிச்சா உம் பொண்ணு. செவ்வரளி வேணாமாடின்னு கேட்டேன். எதுக்கும்மான்னு கேக்குறா."

நான் இட்லியைக் கீழே வைத்துவிட்டேன், ஐயா. அம்மன் சந்நிதியில், ஊரே நம்பிக் கொடுத்த உரிமையில், பொட்டலத்தில் தில்லுமுல்லு செய்திருக்கிறாள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்றே தெரியவில்லை. இப்படி ஒரு பழக்கத்தோடு அவளை இன்னொரு வீட்டுக்கு எப்படி அனுப்புவது? நீங்கள் பெரியவர், உங்கள் பேச்சை அன்புராஜ் வீட்டில் கேட்பார்கள். ஒரு போன் போட்டுக் கல்யாணத்தை ஒரே ஒரு மண்டலம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், நான் வீட்டில் வைத்துத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்.