எட்டுக் கம்பி ஒப்பாரி

— மொதல்ல அந்த மாண்டலினைக் கீழ வை தங்கமாரி. அண்ணன் பேசிக்கிட்டிருக்கேன்ல.

— பேசுண்ணே, காது சும்மாத்தான இருக்கு. ஒம்போது வருசம் கழிச்சு அருப்புக்கோட்டைக்கு வழி தெரிஞ்சிருக்கு. ஒரு வாய் தண்ணி குடிக்காம வாசல்லயே நிக்கிற?

— ந்தா, கீழ ஆட்டோ நிக்குது. சுருக்கச் சொல்லிட்டுப் போறேன். போன்ல ஒரு வீடியோ போட்டிருக்கியே, அதை அழிச்சுரு. எம்.ரெட்டியபட்டி பூராம் அதான் பேச்சு. என்னையப் பாத்து, 'ஏ தவசி, ஒந்தங்கச்சி டவுனுல உக்காந்து ஒப்பாரி வைக்கிறா'ங்கிறானுக.

— அது பேரு ப்ளூஸுண்ணே.

— என்ன எழவோ!

— எழவுதான், சரியாச் சொன்ன. அமெரிக்காவுல அடிமையாக் கெடந்து பருத்தி எடுத்த சனங்க வழி வந்த பாட்டு. நாம எடுக்காத பருத்தியா? போனைப் பாத்துப் பாத்து ரெண்டு வருசமாப் படிக்கிறேன். சொரத்தை முழுசாத் தொடாம, ஒரு மயிரிழை கீழ எறக்கி இழுக்கணும். இதுல கம்பி ரெண்டு ரெண்டா இருக்கு பாரு, ரெண்டையும் சேத்துத் தள்ளணும். வெரல் கிழிஞ்சதுதான் மிச்சம், அந்த இழுப்பு மட்டும் வரவே இல்ல.

— இப்ப மட்டும் எப்புடி வந்துச்சாம்?

— அப்பா செத்தன்னைக்கு ஆத்தா அழுதுச்சே, அதை நெனச்சு இழுத்தேன். வந்துருச்சு.

— அதை நீ எங்க கேட்ட?

— நல்லாக் கேட்ட போ! வேத்துச் சாதியில கட்டுனவ தெருவுக்குள்ள வரக்கூடாதுன்னு முக்குல கையை விரிச்சு மறிச்சது யாரு? நீதான? அங்கன நின்னுதான் கேட்டேன். பெத்த அப்பனுக்கு ஒரு வரி அழ விட்டீகளா? அதைத்தான் இப்ப வாசிக்கிறேன்.

— சொல்றதைக் கேளு தாயி. நம்மூரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஒன்னையக் கூப்புடலாம்னு பெரியப்பா மனசு எறங்கி வந்திருக்காக. மாப்பிள்ளையும் வரலாம். வீடியோவை மட்டும் அழிச்சுட்டா ஆத்தாளைப் பாத்துரலாம்.

— ஆத்தாளைக் காட்டிப் பேரம் பேசுறியாக்கும்.

— பாக்கணும்னு ஆசை இல்லையா ஒனக்கு?

— தெனமும் இருக்குண்ணே. அதுக்காக? அன்னைக்கு வாயைப் பொத்துனீக, அழாமலே திரும்பி வந்தேன். இப்ப வெரலையும் பொத்தவா? அழிக்க மாட்டேன். அடுத்ததை இன்னும் சத்தமாப் போடுவேன்னு பெரியப்பாகிட்ட போய்ச் சொல்லு.

— முடிவாத்தான் சொல்றியா?

— இந்தா, வாசிச்சே காட்டுறேன். கேட்டுட்டுப் போய்ச் சேரு.

— இரு, இரு. பெரியப்பா சொல்லிவிட்டதைச் சொல்லிட்டேன், அம்புட்டுத்தான். அந்தச் சன்னலைத் தொறந்துட்டு வாசி.

— எதுக்காம்?

— ஆத்தா கீழ ஆட்டோவுலதான் இருக்கு. 'அவ மட்டும் அதை அழிச்சுட்டான்னா நான் எறங்க மாட்டேன், என்னைய அப்புடியே ஊருக்குத் திருப்பிக் கொண்டு போயிரு'ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கு.