முடிச்சு போடுவது கையாலா, பல்லாலா?

அலை ஓய்ந்தாலும் ஆரவாரம் ஓயாத இந்தக் கடற்கரைக்கு என் முதல் வணக்கம்!

பூம்புகாருக்குத் தெற்கே, இந்தக் குப்பத்தின் புயல் பாதுகாப்பு மையத்தில் நடக்கும் பல் மருத்துவ முகாமுக்குத் தலைமையேற்று, போட்ட மாலையைக் கழற்ற மனமில்லாமல் அமர்ந்திருக்கும் விசைப்படகு உரிமையாளர், பேச்சில் பெருங்கடல், பிடிவாதத்தில் பெரும்பாறை, அண்ணன் சிவசாமி அவர்களே! தலைவர் சிரித்தால் சிரித்து, அவர் முறைத்தால் முறைத்து, மேடையின் ஒற்றுமையைக் கட்டிக் காக்கும் ஊர்ப் பெரியவர்களே! விற்று முடித்த மீன்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், பிரியாணி எப்போது வரும் என்று கடைசி வரிசையில் தவம் கிடக்கும் தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் வாயில் இருக்கும், இல்லாத, இருந்தும் ஆடுகிற அத்தனை பற்களுக்கும் என் பணிவான வணக்கம்!

நான் ஷைலஜா. தஞ்சாவூரில் பல் சீரமைப்பு மருத்துவர். கோணிய பல்லை நேராக்குவது என் தொழில். கோணிய எண்ணத்தை நேராக்குவது என் தொழில் அல்ல. ஆனாலும் இன்று அந்த வேலையையும் இலவசமாகச் செய்வதாக உத்தேசம். முகாம் என்றாலே இலவசம்தானே!

எல்லாரும் ஒரு காரியம் செய்யுங்கள். கடைவாய்ப் பற்களை நன்றாகக் கடியுங்கள். கடித்தபடியே உதட்டை விரியுங்கள். தயங்காதீர்கள்! தலைவரைப் பார்த்துப் பல்லைக் கடிக்க இந்த ஊரில் இன்று ஒருநாள்தான் அனுமதி. இப்போது பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவருடைய மேல் முன்பல், கீழ் முன்பல்லைக் கொஞ்சம் மூடியபடி இருக்கிறதா? நல்லது. கடைவாய் கவ்வியும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் சந்து தெரிகிறதா? அதற்குப் பெயர்தான் ஓப்பன் பைட். வாயை மூடினாலும் முன்வாசல் மூடாத வீடு.

"அது அதிர்ஷ்டம்ங்க!" என்று ஒரு குரல் வருகிறது. ஐயா, நீங்கள் சொல்வது ஒரே வரிசையில் இரண்டு பல்லுக்கு நடுவில் விழும் இடைவெளி. நான் சொல்வது மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில். அதிர்ஷ்டமும் வழி தெரியாமல் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் நுழையும் என்றால் நான் என்ன செய்வேன்?

இது எப்படி வருகிறது? சிலருக்குத் தாடை வளரும் வாகே அப்படி. சிலருக்கு மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சு விட்டு விட்டு வரும். சிலருக்கு விரல் சூப்பி விரல் சூப்பி வரும். தஞ்சாவூரில் எனக்குக் கல்யாணம் என்ற பெயரில் ஒரு பெரியப்பா இருக்கிறார். ஓய்வுபெற்ற பேராசிரியர். பேரன் விஸ்வா பள்ளிக்கூடம் போகும் வயதிலும் கட்டைவிரலை வாயிலிருந்து எடுக்கவில்லை. "எடுக்கச் சொல்லுங்க பெரியப்பா, பல்லு தூக்கிண்டு போயிடும்" என்றேன். "அவன் ஏதோ யோசிச்சிண்டிருக்கான். நடுவுல தொந்தரவு பண்ணாதே" என்றார். என்ன யோசனை! எப்பேர்ப்பட்ட யோசனை! யோசித்து முடித்தபோது முன்பற்களுக்கு நடுவே அந்தக் கட்டைவிரல் அளவுக்கே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஆகையால் படிக்காதவர்கள்தான் இப்படி என்று யாரும் மார் தட்ட வேண்டாம். படித்தவர்களின் அறியாமை இன்னும் அழகாக, அடிக்குறிப்போடு வரும்.

விரலுக்கு அடுத்தபடி நாக்கு. நாம் எச்சில் விழுங்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட வேண்டும். சில குழந்தைகளுக்கு அது முன்பற்களுக்கு நடுவே வந்து முட்டும். விழுங்கும்போதெல்லாம் முட்டும், விடாமல் முட்டும். உங்களுக்குத் தெரியாததா? கடல் கரையை அரிப்பது ஒரே நாளில் அல்ல. அலையைத் தடுக்காமல் கரையில் எத்தனை வீடு கட்டினாலும் நிற்காது. அதனால்தான் கருங்கல்லைக் கொட்டுகிறோம். நாங்களும் மேல்பல்லுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்பிவேலி வைப்போம். நாக்குக்குப் புது இடம் பழக்கப் பயிற்சி தருவோம். பல்லில் கம்பி கட்டி மெல்ல மெல்ல இறக்குவோம். வளரும் வயதில் வந்தால் பெரும்பாலும் இதுவே போதும். பொறுமை வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

இந்த ஊரில் பூமிகா என்றொரு பெண். தகப்பன் இல்லாத குழந்தை. மீன் விற்கும் எல்லையம்மாளின் மகள். வருகிற முகூர்த்தத்தில் மாப்பிள்ளையாகப் போகும் வெற்றிசெல்வனின் தங்கை. நம் தலைவருடைய உடன்பிறந்தவள் பெற்ற மகள். பூமிகாவிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். மாமனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மைக் எனக்குக் கிடைத்திருக்குமா?

இடியாப்பம் என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். ஆனால் நாலு பேர் முன்னால் தொட மாட்டாள். முன்பல்லால் இழையை அறுக்க முடியாது, தொங்கும். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் நாக்கு பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளை என்னிடம் முதலில் அழைத்து வந்தவர் யார்? இதே அண்ணன் சிவசாமி. "எம் மருமவ நல்லா சிரிக்கணும் டாக்டரம்மா, என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அன்று அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கம்பி போட்டோம். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் புது இடம் பழகியது. முன்பற்கள் நெருங்கி நெருங்கி, இப்போது தொட்டும் தொடாமலும் நிற்கின்றன.

அப்போதுதான் வந்தது ஐயா, பிளெக்ஸ் பேனர்!

மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேற, கல்யாணமெல்லாம் களைகட்டும் காலம். அண்ணன் சிவசாமி மருமகன் வெற்றிசெல்வன் கல்யாணத்துக்கு ஆகாயத்தை மறைக்கும் அளவில் பேனர் அடித்தார். குடும்பமே அதில் சிரிக்கிறது. ஓரத்தில் பூமிகாவும் சிரிக்கிறாள். கம்பியைக் காணோம்! சந்தைக் காணோம்! முத்துக் கோத்தது போலப் பல்வரிசை! நான் படித்துப் பட்டம் வாங்கி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி இன்னும் முடிக்காத சிகிச்சையை, பிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் டீ குடிக்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டார். அந்த மாமேதைக்கு இந்த மேடையில் ஒரு பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டாமா?

அதோடு விட்டார்களா? எனக்குப் போன் வந்தது. "டாக்டரம்மா, கல்யாணத்துக்கு மட்டும் அந்தக் கம்பிய கழட்டி விட்டுருங்க. பொறவு மாட்டிக்கலாம்."

"ஏன் அண்ணே?" என்றேன்.

"பேனர்ல பல்லு சேந்து இருக்கு. மண்டபத்துல வாயத் தொறந்தா கம்பி தெரியும். சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?"

"பேனரை மாற்றிவிடுங்களேன்."

"பேனர் அடிச்சாச்சுங்களே!"

கேட்டீர்களா? பேனர் அடித்தாயிற்று! ஆகவே பெண்ணை மாற்ற வேண்டும். இதற்குள் கம்பியைக் கழற்றினால் பழைய அலை பழைய இடத்தில் முட்டும், நெருங்கிய பற்கள் மறுபடி விலகும். வளர்ச்சி முடிந்த பிறகு வந்தால் கம்பி மட்டும் போதாமல், தாடை எலும்பை அறுத்து வைக்கும் நிலைகூட வரலாம். அப்போது என்ன செய்வீர்கள்? ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் ஒரு பேனர் கட்டுவீர்களா?

நான் மறுத்தேன். தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "கம்பியோட இருந்தா நாத்தனார் முடிச்சு அது போட வேணாம். பங்காளி வீட்டுப் பொண்ணு போடட்டும்."

அம்மாமார்களே, தாலியில் மாப்பிள்ளை முடிச்சு போட்டதும், மிச்ச முடிச்சை அவன் தங்கை போடுவாள். அண்ணன் கல்யாணத்தில் ஒரு தங்கைக்கு அதைவிடப் பெரிய உரிமை உண்டா? அந்த முடிச்சைக் கையால் போடுவார்கள் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பல்லால் போடுவார்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! புடவையில் ஜரிகைக் கம்பி பெருமை! கழுத்தில் தங்கக் கம்பி பெருமை! காலில் வெள்ளிக் கம்பி பெருமை! குழந்தையின் வாயைச் சீராக்கும் கம்பி மட்டும் சிறுமையா? யாருக்குச் சிறுமை? எதற்குச் சிறுமை?

கடைசி வரிசைத் தம்பிகள் கை தட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. அந்தப் பெண்ணைக் 'கம்பிவாய்' என்று கூப்பிட்ட வாய்கள் எவை என்று எனக்கும் தெரியும். தட்டிய கையால் அந்த வாயைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள்.

என்ன அண்ணே? "அது குடும்ப விஷயம்" என்கிறீர்களா? குடும்ப விஷயம்தான். குடும்ப விஷயத்தைப் பேருந்து நிறுத்தத்தில் பேனராகக் கட்டியது நான் அல்லவே!

நேற்று பூமிகா என்னைக் கூப்பிட்டாள். "கழட்டிடுங்க டாக்டர். எங்கண்ணனுக்கு நான்தான் முடிச்சு போடணும்" என்றாள். சொன்னதும் போனை வைத்துவிட்டாள். எனக்கு இந்த நக்கலும் நையாண்டியும் அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. தன் பல்லா, தன் அண்ணனா என்று ஒரு குழந்தையை நிறுத்தி வைத்துக் கேட்கிற அளவுக்கு நாம் பெரியவர்களாகிவிட்டோமா?

அதோ, பெண்கள் வரிசையில் அவளே எழுந்து நிற்கிறாள். பேசு அம்மா. இங்கே வா, பக்கத்தில் வந்து சொல். சத்தமாகச் சொல்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மாமா, நான் கம்பிய எடுக்கல. நேத்து பயந்து போய் சொல்லிட்டேன். முடிச்ச அந்தப் பங்காளி வீட்டு அக்காவே போடட்டும். நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்."

யாரும் கை தட்டாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். தலைவர் எழுந்திருக்கிறார். அண்ணே, மைக் வேண்டுமா? வேண்டாமா? மேடையை விட்டு இறங்குகிறார். நேராக அவளிடம்தான் போகிறார்.

மைக் இல்லாமல் சொன்னதையும் நானே சொல்லிவிடுகிறேன், இந்த ஊர் முழுக்கக் கேட்கட்டும். "நீ கீழ உக்காந்தா மேடையில எனக்கு என்னா புள்ள வேல? முடிச்ச நீதான் போடுற. கம்பியோட போடு. எவன் என்ன கேக்குறான்னு நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். இனி நான் பேச என்ன இருக்கிறது? தலைமையுரையைத் தலைவர் கீழே இறங்கி ஆற்றிவிட்டார், என்னுடையதைவிட நன்றாகவே ஆற்றிவிட்டார். குறுக்கிட்ட தலைவருக்கு நன்றி. மகளைக் கூட்டி வந்த எல்லையம்மாளுக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் நன்றி. முகாம் தொடங்குகிறது, பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். கல்யாண வீட்டில் மறுபடி பார்ப்போம். வணக்கம்!