ஊருணியை மைதானமாக்கிய வரைபடம்

சொன்னேன்! இரண்டு ஆண்டுக்கு முன்பே சொன்னேன்! "மறைந்த மனிதரின் காகிதங்கள் ஒரு நாள் வாய் திறக்கும்" என்று இந்த வாய்தான் சொன்னது!

அமைதியே அணிகலனான அவைத்தலைவர் அவர்களே, கட்டடக் கமிட்டிக் கனவான்களே, நார்த்தாமலைப் பாறைபோல் நிலைத்த பெரியோர்களே, இடுப்புக் குடத்தை இறக்காமலே வந்து நிற்கும் என் தாய்மார்களே! எல்லோருக்கும் என் கூப்பிய கை. நீங்கள் உட்காருங்கள். என்னால்தான் உட்கார முடியவில்லை. நின்றாலும் கால் தரிக்கவில்லை. ஏன்? விடிந்தால் மண்வண்டி வருகிறது! நாற்பது வண்டி! நம் குடிதண்ணீர் ஊருணியை மூடி, கல்லூரிப் பிள்ளைகள் பந்தடிக்க மைதானம் போடப் போகிறார்கள்.

கேட்டால், காலஞ்சென்ற கல்லூரித் தலைவர் ரத்தினவேலர் போட்ட வரைபடத்திலேயே அது மைதானம்தானாம். ஆமாம், அப்படித்தான் இருக்கிறது! எப்படி வந்தது? சர்வேக்காரர் சங்கிலி பிடித்தது எந்த மாதம்? சித்திரை! சித்திரையில் நாம் என்ன செய்வோம்? வீட்டுக்கொரு ஆள் இறங்கி, வற்றிய ஊருணியில் வண்டலை வாரி, முள்ளைப் பொறுக்கி, வாசல்போல் கூட்டி வைப்போம். வெளியூர்க்காரர் பார்த்தார். "ஆகா, அருமையான மைதானம்!" என்று எழுதிவிட்டார். நம் சுத்தமே நமக்குச் சத்துருவானதே!

"மாமா, கதெ போதும், படத்துக்கு வாங்க!"

வருகிறேன் இருளாயி, அங்கிட்டுத்தான் வருகிறேன். வாய்க்கு வழி விடு!

ஐப்பசி வந்தது. மழை வந்தது. ரத்தினவேலரும் வந்தார். செருப்புக் காலோடு கரையில் ஏறினார். குடமும் கையுமாக நின்ற முனியாயி என்ன சொன்னாள்? "செருப்பக் கழட்டுங்க அய்யா. இது குடிக்கிற தண்ணி!" கழற்றினாரா, இல்லையா?

"கழட்டுனாருங்க. கும்பிடக்கூட செஞ்சாரு!"

கேட்டீர்களா, முனியாயியே சாட்சி! கழற்றியவர் என் தோளில் கை போட்டார். "இந்த ஊருணி வற்றினால் என் கல்லூரியும் வற்றும்" என்றார். யாரிடம்? என்னிடம்! ஆறாம் வகுப்பை மூன்று முறை ஆழ்ந்து படித்தவன் அல்லவா நான்! "மாற்றி வரையுங்கள்" என்றேன். வரைந்தார்!

வரைந்த படம் எங்கே போனது? அவர் கண் மூடியதும் அறையைக் காலி செய்தார்கள். காகிதம் கட்டுக்கட்டாகப் பரணுக்குப் போனது. படச்சுருளோ, அறை கூட்டும் ஆரோக்கியம்மாளிடம் போனது. படம் வரைவது கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணியில் அல்லவா! கஞ்சி போக வேகவைத்தால் வெள்ளைவெளேரென்று சட்டைத்துணி. இந்த யுத்த காலத்தில் கோவணத்துக்கே ரேஷன் கூப்பன் கேட்கிறார்கள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது. சுருளை விரித்தாள். நீயே சொல் ஆத்தா!

"பேத்திக்குச் சட்ட தெக்கலாம்னு விரிச்சேங்க. எழுத்துத் தெரியாது எனக்கு. ஆனா மூணு பக்கம் படி, நடுவுல நீலம். நம்ம ஊருணி! அதப் போயி எப்புடிங்க வேக வைக்கிறது?"

அம்மம்மா! படித்த கண்கள் பார்த்தது மைதானம். படிக்காத கண்கள் பார்த்தது தண்ணீர்! இந்தப் படத்தில் மைதானம் மேற்கே பாறையடிக்கு நகர்ந்திருக்கிறது. கீழே தேதி, ரத்தினவேலர் கையெழுத்து. முதல் படத்துக்கு மண்வண்டி வருமென்றால், முடிவான படத்துக்கு மரியாதை வேண்டாமா? நாளை மூடினால், நாளன்றைக்கு எந்தத் தண்ணீரைக் குடிப்போம்? சொல்லுங்கள்!

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கும், குடம் தாங்கிய இடுப்புகளுக்கும் நன்றி சொல்லி, வணங்கி, இறங்குகிறேன்...

என்ன, அவைத்தலைவர் அவர்களே? என் தோளில் கை போட்டு அவர் சொன்ன வாக்கியத்தை வாக்குமூலமாக எழுதி நான் கையெழுத்துப் போட்டால், இப்போதே வண்டியை நிறுத்துவீர்களா?

...பேனாவைக் கீழே வையுங்கள் அய்யா.

அவர் என் தோளில் கை போடவில்லை. அந்த வாக்கியமும் நான் இட்டுக்கட்டியது. அன்று நான் பொன்னமராவதிச் சந்தையில் இருந்தேன். என் வாயை நம்பி உத்தரவு போட்டால் நாளை ஒரு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்; ஊருணியும் போய்விடும். அந்த நீலம் அவர் தீட்டியது. தேதி அவர் போட்டது. அதை நம்பி எழுதுங்கள்.

ஆரோக்கியம்மா, மேலே வா. துணியை விரி.