முதல் பரிசு வாங்கிய ஜட்ஜ்

— முடியாது சுஜி. ஆட்சேபணை தள்ளுபடி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அப்படியேதான் இருக்கும்.

— டாடி, ப்ளீஸ்! நான் கொட்டாவி விடுற போட்டோ அது. ஸ்கூல் வேன் அண்ணன்கூட "தூக்கம் பத்தலையாம்மா"ங்குறாரு. ஊரே பாக்குது.

— ஊரா? நம்ம சர்ச் ஜனங்க, வக்கீலுங்க, கூடுவாஞ்சேரியில பிளாட் விக்கிறவரு. எல்லாம் நல்லவங்க.

— முந்தாநாள் தாம்பரம் மார்க்கெட்ல முன்னபின்ன தெரியாத ஆள் ஒருத்தர், "சுஜி பாப்பா, டியூஷன் முடிஞ்சுதா?"ன்னாரு. பயந்துட்டேன் டாடி.

— பாசமா விசாரிச்சிருப்பாரும்மா. அத விடு. இன்னிக்கு எங்க ஜட்ஜுங்களுக்கு ட்ரெய்னிங். போன், நெட்டுன்னு வெச்சு குழந்தைங்களுக்குத் தொல்லை குடுக்குறவங்க கேஸை எப்படி விசாரிக்கணும்னு. யாருக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ், சொல்லு?

— உங்களுக்கா?

— பின்ன? உங்க ஸ்கூலுக்கு வந்து பேசி, ஏதாவதுன்னா கூப்பிடுங்கன்னு நம்பர் குடுத்தாங்களே ஞானசௌந்தரி மேடம், அவங்கதான் க்ளாஸ். ஒரு பொண்ணோட போட்டோவா போட்டாங்க. முகத்துல மட்டும் மஞ்சக் கலர் ஸ்மைலி. கெட்டவன் இதப் பாத்தா இவ எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சிடுவானான்னு கேட்டாங்க. மத்தவங்கல்லாம் முழிக்கிறாங்க. நான் டக்குன்னு கை தூக்கிட்டேன்.

— எப்படி டாடி?

— யூனிஃபார்ம் உங்க ஸ்கூல்! டியூஷன் உன் டியூஷன் தெரு! மொட்டை மாடியில நின்னா பின்னாடி திருநீர்மலை தெரியுது, அப்போ வீடு நம்ம பக்கம். நோட் பண்ணு, வாசல்ல நம்மள மாதிரியே பச்சை ஸ்கூட்டர் வேற!

— நம்மள மாதிரியேவா?

— எல்லாரும் ஒரே கடையில வாங்குறாங்க போல. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! இதையெல்லாம் போட்டது அவளப் பெத்த அப்பனாம். திருடனுக்கு வீட்டு வழி சொல்லிக் குடுக்குறான், முட்டாள்! எழுந்து நின்னு தீர்ப்பே சொல்லிட்டேன். ஒரு வருஷத்துக்கு அந்தாளு போனைப் பிடுங்குங்க, பட்டன் போன் குடுங்க, அப்பீல் கிடையாதுன்னு. கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல்!

— மேடம் ஒண்ணும் சொல்லலையா?

— சிரிச்சுட்டே இருந்தாங்க. "இந்தத் தீர்ப்ப வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணுகிட்டயும் சொல்லுங்க சார்"னாங்க. எதுக்குன்னுதான் தெரியல.

— நேத்து அவங்ககிட்ட போன்ல அழுதுட்டு, உங்க ஸ்டேட்டஸ்லேருந்து அந்தப் போட்டோவெல்லாம் எடுத்து அனுப்புனதே நான்தான். போனைக் குடுங்க டாடி.